பழைய கம்ப்யூட்டரில் புது விண்டோஸ் போடலாமா?



2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமாகக் கொடுத்து வந்த ஆதரவு முடிந்துவிட்டது. அன்றிலிருந்து பலரும் கேட்கும் கேள்வி இது: "எங்க வீட்டு கம்ப்யூட்டர் நல்லாத்தான் ஓடுது. ஆனா விண்டோஸ் 11 போட முடியாதுன்னு சொல்லுது. இனிமே இதைப் பழைய இரும்புக் கடைக்குத்தான் போடணுமா?"

அவசரப்பட வேண்டாம். முதலில் விஷயத்தைத் தெரிந்துகொள்வோம்.

ஏன் "முடியாது" என்கிறது?

விண்டோஸ் 11 வெளிவந்தது 2021 அக்டோபர் 5-இல். அதற்கு மைக்ரோசாஃப்ட் வைத்த நிபந்தனைகள்:
1. ரேம் 4 ஜிபி, சேமிப்பு இடம் 64 ஜிபி.
2. இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறை பிராசஸர் (2017-இல் வந்தது) அல்லது அதற்குப் பிந்தையது.
3. டிபிஎம் 2.0.
4. செக்யூர் பூட் வசதி.

முதல் நிபந்தனையில் பிரச்சினை இல்லை. பழைய கம்ப்யூட்டர்கள் மாட்டிக்கொள்வது இரண்டிலும் மூன்றிலும்தான்.

டிபிஎம் என்றால் என்ன? வீட்டில் பீரோ சாவியை ஒளித்து வைக்க ஒரு ரகசிய இடம் இருக்கும் அல்லவா? அதுபோல, ரகசியச் சாவிகளைப் பத்திரமாக வைக்கும் ஒரு சின்ன சிப். ஹார்ட் டிஸ்கைப் பூட்டும் வசதிக்கு இது உதவும். சில கம்ப்யூட்டர்களில் இது பிராசஸருக்குள்ளேயே இருக்கும். ஆனால் பயாஸில் அணைத்து வைத்திருப்பார்கள். அதனால் "இல்லை" என்று வந்தால் உடனே நம்பாதீர்கள். பயாஸுக்குள் போய், இன்டெல் என்றால் பிடிடி, ஏஎம்டி என்றால் எஃப்டிபிஎம் என்ற பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆன் செய்தாலே போதும் என்ற கம்ப்யூட்டர்களும் உண்டு.

சரி, நிபந்தனையைத் தாண்டிப் போட முடியுமா?

முடியும். ரூஃபஸ் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. 8 ஜிபி பென் டிரைவில் விண்டோஸ் 11-ஐ ஏற்றும்போது, "இந்தச் சோதனைகளை நீக்கவா?" என்று அதுவே கேட்கும். டிக் செய்தால் அவ்வளவுதான், இன்ஸ்டால் ஆகிவிடும்.

ஆனால் இந்தத் தந்திரத்துக்கும் ஒரு எல்லை உண்டு. 2024-இல் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து, பிராசஸருக்குச் சில கட்டளைகள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். கோர் 2 டுவோ போன்ற பழைய பிராசஸர்களுக்கு அவை தெரியாது. அதில் என்ன செய்தாலும் விண்டோஸ் பூட் ஆகவே ஆகாது.

இனிமேல்தான் முக்கியமான விஷயம்!

"போட்டுட்டேன், ஓடுது" என்பது பாதி வேலைதான். ஆதரவு இல்லாத கம்ப்யூட்டருக்கு அப்டேட் வரும் என்று உத்தரவாதம் கிடையாது என மைக்ரோசாஃப்ட் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மாதாமாதம் வரும் பாதுகாப்பு அப்டேட் இதுவரை பெரும்பாலும் வருகிறது. வருடம் ஒருமுறை வரும் புதிய பதிப்போ தானாக வராது. வீட்டு விண்டோஸின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஆயுள் 24 மாதம். அதற்குள் மறுபடியும் பென் டிரைவ், மறுபடியும் அதே வேலை. மறந்தால், விண்டோஸ் 11 என்ற பெயரோடு பாதுகாப்பில்லாத கம்ப்யூட்டரை ஓட்டிக்கொண்டிருப்போம்!

"அப்டேட் இல்லாட்டி என்ன ஆயிடும்?" என்கிறீர்களா? 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் சுமார் 150 நாடுகளில் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் மருத்துவமனைகளே திணறின. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் அதே வருடம் மார்ச் மாதமே வந்துவிட்டது! போடாமல் விட்டவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

அப்படியானால் நாம் என்ன செய்யலாம்?

• 8-ஆம் தலைமுறையோ புதியதோ என்றால்: டிபிஎம்மையும் செக்யூர் பூட்டையும் ஆன் செய்து முறைப்படி போடுங்கள்.

• அதைவிடப் பழையது, விண்டோஸ் கட்டாயம் வேண்டும் என்றால்: தந்திரம் செய்யலாம். ஆனால் ஒவ்வொரு பதிப்பையும் கையால் போட ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான நீட்டிப்பு அப்டேட்டில் பதிந்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை அவகாசமும் உண்டு.

• கோர் 2 டுவோ காலத்தது என்றால்: லினக்ஸ்தான் நல்ல வழி. லினக்ஸ் மின்ட் இலவசம், பாதுகாப்பு அப்டேட்டும் வரும். இது நமக்குப் புதிதும் அல்ல. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கொடுத்த பல மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. அக்கா, அண்ணன் வாங்கிய மடிக்கணினி பரணில் தூங்கினால் எடுத்துப் பாருங்கள்!

கவனிக்க! எதைச் செய்வதற்கு முன்பும் படங்கள், பாடக் குறிப்புகள், அப்பாவின் கணக்கு ஃபைல்கள் எல்லாவற்றையும் வேறு டிரைவில் காப்பி எடுங்கள். இருக்கும் விண்டோஸின் மேலேயே அப்கிரேட் செய்தால் 10 நாளுக்குள் பழையதற்குத் திரும்பலாம். டிஸ்கை அழித்துவிட்டுப் போட்டால் திரும்ப வழியே இல்லை.

"போட முடியுமா?" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். "போட்ட பிறகு யார் பார்த்துக்கொள்வது?" என்றும் கேளுங்கள். அதற்குப் பதில் இருந்தால், பழைய கம்ப்யூட்டரும் இன்னும் பல வருடம் நமக்கு உழைக்கும்!

– கணினி மூலைக்காக, 11-ஆம் வகுப்பு கணினி அறிவியல் பிரிவு