இன்னும் ஓராண்டு

திருப்பூர் ராயபுரத்தில் எங்கள் வீட்டுக் கொய்யா மூன்றாண்டுகளாகக் காய்க்கவில்லை. வெட்டிவிடலாம் என்று முடிவெடுத்தபோது, லூக்கா நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தில் இயேசு கூறும் அத்திமர உவமை நினைவுக்கு வந்தது.

மூன்று ஆண்டுகள் கனி தேடி ஏமாந்த உரிமையாளர், நிலத்தை வீணாக அடைத்து நிற்கும் மரத்தை வெட்டச் சொல்கிறார். பொருளியலில் இதை வாய்ப்புச் செலவு என்போம். அவர் கணக்கில் பிழையில்லை. தோட்டக்காரரோ ஓராண்டு தவணை கேட்கிறார். வெறுமனே காத்திருக்க அன்று. சுற்றிலும் கொத்தி எருவிடுவதற்காக. அதன்பின்னும் காய்க்காவிட்டால் வெட்டலாம் என்று அவரே இசைகிறார். உழைப்பும் கெடுவும் இல்லாத பொறுமை வெறும் சோம்பலே.

நொய்யல் கரைக்கும் இது பொருந்தும். சாயக்கழிவின் உப்பு 1992-இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, வயல்களையும் தென்னைகளையும் பாழாக்கியது. அங்கே குற்றம் மரத்தினுடையதன்று. நீரைக் கெடுத்த நம்முடையது. தொழிலுக்குக் கிடைத்த தவணைகள் போதிய சீர்திருத்தமின்றிக் கழிந்தன. 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட ஆணையிட்டது. கழிவுநீரை வெளிவிடாத சுத்திகரிப்பை உறுதிசெய்த பிறகே மீண்டும் இயங்க இசைவு கிடைத்தது.

அத்திமரம் காய்த்ததா என்பதை உவமை சொல்வதில்லை. உரிமையாளரின் விடையும் அதில் இல்லை. கேட்பவரின் வாழ்வே அதற்கு விடை.

நேற்றுக் கொய்யாவின் அடியைக் கொத்தி எருவிட்டேன். பணி ஓய்வு பெற்ற எனக்கும் தரப்பட்டிருப்பது அந்த ஓராண்டுதான்.