கலவரம் எப்போது உள்நாட்டுப் போராகிறது?

இந்தக் காலத்திலும் ஒரு நாட்டில் உள்நாட்டுப் போர் (ஒரே நாட்டவர் அணி பிரிந்து ஆயுதம் ஏந்திச் சண்டையிடுவது) மூளுமா? மூளலாம். எப்படி என்று புரிந்துகொள்ள, கொல்கத்தா துறைமுகத்தை ஒட்டிய கிடர்பூர் பக்கம் வாருங்கள்.

அங்கே என்ன நடந்தது? 1946 ஆகஸ்ட் 16 அன்று, பாகிஸ்தான் கோரிக்கைக்காக முஸ்லிம் லீக் கட்சி ‘நேரடி நடவடிக்கை நாள்’ அறிவித்திருந்தது. வங்காள மாகாணத்தில் சுஹ்ரவர்தி தலைமையில் இருந்த லீக் அரசு பொது விடுமுறையும் விட்டது. கொல்கத்தா பற்றி எரிந்தது. இந்துக்களும் கொன்றார்கள், முஸ்லிம்களும் கொன்றார்கள். சில நாட்களுக்குள் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். கிடர்பூரை அடுத்த மெட்டியாபுரூஸில், கேசோராம் பஞ்சாலைத் தொழிலாளர்கள் குடியிருந்த லிச்சுபாகானில், ஒடிசாவிலிருந்து பிழைக்க வந்த கூலிகள் கூட்டங்கூட்டமாகக் கொல்லப்பட்டார்கள். அந்த ஏழைகளுக்கும் நாட்டைப் பிரிக்கும் பேச்சுக்கும் என்ன சம்பந்தம்?

கலவரம் உள்நாட்டுப் போராக, மக்கள் மனதில் வெறுப்பு இருந்தால் போதுமா? போதாது. காவல்துறை ஒதுங்கி நிற்க வேண்டும், தடுக்க வேண்டிய அரசே ஒரு பக்கம் சாய வேண்டும். கொல்கத்தாவில் ராணுவம் முழு வீச்சில் இறங்குவதற்குள் காரியம் கைமீறிவிட்டது. அக்டோபரில் கிழக்கு வங்காளத்தின் நவகாளி, அதன்பின் பீகார் என்று தீ பரவியது.

இலங்கையில் நடந்ததை நமக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. 1983 ஜூலையில் கொழும்பில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு சிங்களக் கும்பல்கள் தமிழர் வீடுகளைத் தேடி எரித்தன. அரசு காக்காது என்று ஒரு சமூகம் முடிவு கட்டிய பிறகு உள்நாட்டுப் போர் மூண்டது; அது ஓய 2009 மே வரை ஆனது.

இன்றைய இந்தியாவில்? நாடு முழுக்கப் போர் மூளும் என்று நான் நினைக்கவில்லை. ராணுவம் மக்களாட்சிக்குக் கட்டுப்பட்டது. தேர்தலில் ஆட்சியை மாற்ற வழியிருக்கிறது. ஆனால் ஒரு மாநிலம் அந்த விளிம்புக்குப் போகலாம். மணிப்பூரில் 2023 மே முதல் மெய்தெய், குக்கி மக்கள் மோதினார்கள். காவல்துறை ஆயுதக் கிடங்குகள் சூறையாடப்பட்டன. 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இரு தரப்புக்கும் நடுவே பாதுகாப்புப் படை நிற்கும் எல்லை உருவானது.

இதில் உங்களுக்கு என்ன? கடை வைத்திருந்தால் தீக்காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். கலவரச் சேதத்துக்குப் பொதுவாக இழப்பீடு உண்டு. போர், உள்நாட்டுப் போர், கிளர்ச்சி ஆகியவற்றுக்குக் கிடையாது. உங்கள் பத்திரத்தில் கலவரம் சேர்ந்திருக்கிறதா என்று முகவரிடம் இன்றே கேளுங்கள். பத்திரம், ஆதார், நிலப்பட்டா நகல்களை வேறொரு ஊரில் உள்ள உறவினரிடமும் கொடுத்து வையுங்கள். வீடு எரிந்தால் முதலில் போவது காகிதங்கள்தான். காகிதம் இல்லாமல் நிவாரணம் வாங்குவது பெரும்பாடு.

வாட்ஸ்அப்பில் ரத்தம் தெறிக்கும் வீடியோ வந்தால்? எந்த ஊர், எந்த ஆண்டு என்று தெரியாமல் யாருக்கும் அனுப்பாதீர்கள். மதம், சாதி, மொழியின் பேரால் பகை மூட்டினால் பாரதிய நியாய சன்ஹிதா 196ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை உண்டு.

தெருவில் கூட்டம் சேர்ந்தால் 112க்கு அழையுங்கள். கிடர்பூரிலும் சரி, உங்கள் ஊரிலும் சரி, வேறு மதத்தைச் சேர்ந்த பக்கத்து வீட்டுக்காரரின் எண் உங்கள் போனில் இல்லையென்றால், இன்று மாலையே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.