தேத்தண்ணிப் பிளாஸ்க்கில் பறந்த கண்கள்

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் மலைக்குப் போகிறவர்கள் தேத்தண்ணி கொண்டுபோகிறார்களே, அந்த மாதிரிப் பிளாஸ்க்கில் கண் பயணம் போயிருக்கிறது! 1964இல் இலங்கையிலிருந்து சிங்கப்பூருக்கு முதலில் போன தானக் கண்கள், ஐஸ் நிரப்பிய பிளாஸ்க்கில்தான் போய்ச் சேர்ந்தன. அனுப்பியவர், 1961இல் இலங்கைக் கண் தானச் சங்கத்தைத் தொடங்கிய டாக்டர் ஹட்சன் சில்வா. ஆரம்பத்தில் அவர் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிதான் கண் வங்கி!

அதெல்லாம் சரி, கண்ணின் முன்னால் கண்ணாடி போல இருக்கும் விழிவெண்படலத்தைத்தான் மாற்றுவார்கள்; யாரோ ஒருவருடைய படலத்தைச் சிங்கப்பூர்க்காரரின் உடம்பு எப்படி ஏற்றுக்கொண்டது? வாங்க, கண்ணுக்குள்ளேயே எட்டிப் பார்ப்போம்.

நம் வெண்குருதிக் கலங்கள் தோட்டத்து வாச்சர் மாதிரி. அந்நிய இழையம் கண்ணில் பட்டால் விரட்டாமல் விடா. அதனால்தான் சிறுநீரக மாற்று முதலில் வெற்றி பெற 1954 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் பொஸ்டனில், ஒரே கருவில் பிறந்த இரட்டையருக்குள். ஆனால் கண் மருத்துவர் எடுவார்ட் சிர்ம், இன்றைய செக் நாட்டின் ஒலமோட்ஸ் நகரில், சுண்ணாம்பு பட்டுப் பார்வை போன கூலித் தொழிலாளி ஒருவருக்கு விழிவெண்படலம் மாற்றியது 1905இல்! நிராகரிப்பைத் தடுக்கும் மாத்திரை ஒன்றுகூட இல்லாத காலம். இரண்டு கண்ணிலும் வைத்தார். ஒன்று தெளிவாகவே நிலைத்தது.

ரகசியம் என்ன? விழிவெண்படலத்தில் இரத்தக் குழாயே கிடையாது. வாச்சர் வர ரோட்டே இல்லை! தப்பித் தவறி வந்தாலும், அங்குள்ள கலங்கள் 'பாஸ் லிகண்ட்' என்ற புரதத்தை நீட்டும். அதைத் தொட்ட வெண்குருதிக் கலம் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். ஆய்வாளர் பீட்டர் மெடாவர் 1948இல் முயலின் கண்ணறைக்குள் வேறு முயலின் தோலை வைத்துப் பார்த்தார். இரத்தக் குழாய் முளைக்காதவரை அது பிழைத்துக் கிடந்தது.

அந்த 'முளைக்காதவரை'தான் இன்றைய ஆய்வுக்கூடங்களின் தலைவலி. புண்ணாலும் எரிகாயத்தாலும் குழாய் முளைத்த கண், புதுப் படலத்தை நிராகரிக்கும் அபாயம் கூட. அந்தக் குழாய்களை வளரவிடாமல் தடுக்கும் மருந்துகளைத்தான் இப்போது சோதிக்கிறார்கள். மாற்றிய கண் சிவந்தாலோ மங்கினாலோ அன்றைக்கே கிளினிக்குக்கு ஓட வேண்டும் என்பதும் இந்த நிராகரிப்பு அபாயத்தால்தான்.

மற்றபடி, சாதாரணக் கண்ணுக்கு இழையப் பொருத்தம் பார்ப்பது வழக்கமில்லை. தெரணியகலை லயத்துத் தாத்தாவின் கண் எந்த நாட்டுக்காரருக்கும் பொருந்தலாம்! உயிர் பிரிந்த சில மணித்தியாலத்துக்குள் எடுத்தாக வேண்டும், அவ்வளவுதான். ஆகவே தாத்தா தானம் எழுதிக் கொடுத்திருந்தால், உறவுக்காரருக்குச் சொல்லுமுன் கண் வங்கிக்குப் போன் போடுங்கள்!