விதையில் முளைக்காது டெல்லி கனகாம்பரம்

காடாம்புலியூர்ப் பக்கம் விவசாயி ஒருவர், தாம் பத்து சென்ட்டில் நட்ட கனகாம்பரத்தைக் காட்ட என்னை அழைத்துச் சென்றார். 'டெல்லி' என்று சொல்லி விற்கப்பட்ட நாற்று. பூத்ததோ சாதாரண ஆரஞ்சு. விற்றவரைக் கேட்டதற்கு, மண்வாகினால் மாறிவிட்டது என்றாராம். மண் ரகத்தை மாற்றாது. ஏமாற்றம் நாற்றிலேயே இருந்தது.

கனகாம்பரம் தென்னிந்திய, இலங்கைக் காடுகளில் மரநிழலில் வளரும் சிறு செடி. ஆகவே நம் செம்மண்ணில், இளம் முந்திரித் தோப்பின் இடைவெளியிலும் வரும். அடர்ந்த பலா நிழலில் மட்டும் பூ குறையும். சாகுபடியில் உள்ளவை ஆரஞ்சு, மஞ்சள் நிற லூட்டியா, சிவப்பு நிற செபாகுலிஸ், டெல்லி ஆகியவை. மஞ்சளும் சிவப்பும் பூத்தால் தெரிந்துவிடும். குழப்பம் ஆரஞ்சுக்கும் டெல்லிக்கும்தான்.

டெல்லி ரகம் மும்மயம். அதாவது குரோமோசோம் தொகுதி இரண்டுக்குப் பதில் மூன்று. மூன்றை இரண்டாகச் சமமாகப் பிரிக்க இயலாததால் விதை பிடிப்பதில்லை. நாம் உண்ணும் வாழையில் பெரும்பாலானவையும் இப்படித்தான். அதனால்தான் கன்று நடுகிறோம். டெல்லிக்கு வேர்விட்ட தண்டுத் துண்டுகளே நாற்று. "டெல்லி விதை" என்று பொட்டலம் கொடுத்தால் வாங்க வேண்டாம்.

நாற்று வாங்கும்போது ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். நடுவில் ஆணிவேர் இறங்கியிருந்தால் அது விதை நாற்று, டெல்லி அன்று. வெட்டிய நுனியிலிருந்து வேர்கள் கொத்தாகக் கிளம்பியிருந்தால் தண்டு நாற்று. அதுமட்டும் போதாது, மற்ற ரகங்களையும் தண்டிலிருந்து வளர்க்கலாமே! தாய்ச்செடியைக் காட்டச் சொல்லுங்கள். பூத்து முடிந்து காய்ந்த கதிர்களைப் பிரித்துப் பார்த்தால், டெல்லியில் செதில்களுக்குள் காய் இராது. ஆரஞ்சில் காய் இருக்கும். நன்கு காய்ந்த கதிரைத் தண்ணீரில் போட்டால் பட்டென்று வெடித்து விதை தெறிக்கும். இளங்கதிரைப் பார்த்து முடிவு செய்தல் கூடாது.

ஆரஞ்சுக்கு 60 செ.மீ. பாரில் 30 செ.மீ. இடைவெளி, டெல்லிக்கு 40 செ.மீ. சென்ட்டுக்கு ஏறக்குறைய 165 டெல்லி நாற்று பிடிக்கும். நன்றாக மலர்ந்த பூக்களை ஒன்றுவிட்டு ஒரு நாள் பறிக்கலாம். ஹெக்டேருக்கு ஆண்டில் ஆரஞ்சு சுமார் 2,000 கிலோவும் டெல்லி 2,800 கிலோவும் தரும். ஹெக்டேர் கணக்கில் 800 கிலோவாகும் இந்த வித்தியாசத்தில், தம் பத்து சென்ட்டுக்கு உரிய பங்கைத்தான் அந்த விவசாயி இழக்கிறார்.

வேரைப் பார்க்கும்போது முடிச்சோ கரும்புண்ணோ இருந்தால் அந்த நாற்று எந்த ரகமானாலும் வேண்டாம். நூற்புழு நுழைந்த வேரில் வாடல் நோய் எளிதில் தொற்றும். முன்பு இதற்குச் சொல்லி வந்த ஃபோரேட் குருணை 2020 டிசம்பருடன் தடை செய்யப்பட்டுவிட்டது. வீட்டில் பழைய சரக்கு இருந்தாலும் போட வேண்டாம். நடுமுன் வேப்பம் பிண்ணாக்கு இட்டு, ஊடே செண்டுமல்லி நடலாம்.

அந்தப் பத்து சென்ட்டை அழிக்க வேண்டாம் என்றேன். பூ வரும்வரை வரட்டும்; பக்கத்தில் இரண்டு சென்ட்டில், தாய்ச்செடியைப் பார்த்து வாங்கிய டெல்லியை நட்டிருக்கிறார். அடுத்த ஆண்டு தண்டு வெட்ட அதுவே போதும்.