உருளைக்குள் போன வண்ணத்துப்பூச்சி

கைவினைப் பொருள் விற்கும் கடைகளில் சின்னச் சின்ன எஃகுத் தகடுகள் தொங்குவதைப் பார்த்திருக்கிறீர்களா? ஒன்று வண்ணத்துப்பூச்சி, ஒன்று இலை, இன்னொன்று ஓரமெல்லாம் பூ வேலை செய்த வட்டம். ஒரு பக்கம் வழவழவென்று இருக்கும். மறுபக்கம் மெல்லிய வரப்புபோல ஒரு கோடு எழும்பி நிற்கும். வாழ்த்து அட்டை செய்கிறவர்கள் இதை ‘டை’ என்பார்கள். கத்தரிக்கோல் நுழையவே முடியாத நுணுக்கமான வடிவங்களை, தடித்த அட்டையிலும் இது சில நொடிகளில் வெட்டிவிடும். இத்தனைக்கும் அந்த வரப்பு சவர பிளேடுபோல அப்படியொன்றும் கூராக இருக்காது. பிறகு எப்படி வெட்டுகிறது?

ஒரு பென்சிலை எடுங்கள். கூர்முனை ஒரு கையின் ஆள்காட்டி விரலிலும், மொட்டை முனை மறுகையின் ஆள்காட்டி விரலிலும் படும்படி வைத்து அழுத்துங்கள். மெதுவாக, மெதுவாக! பென்சில் எந்தப் பக்கமும் நகரவில்லை. அப்படியானால் இரண்டு விரல்களும் ஒரே அளவு விசையைத்தான் தாங்குகின்றன. ஆனால் ‘ஆ’ என்று கத்துவது கூர்முனை பட்ட விரல் மட்டும்தான். விசையை அது விழும் பரப்பால் வகுத்தால் கிடைப்பது அழுத்தம். பரப்பு சுருங்கச் சுருங்க அழுத்தம் ஏறும்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தில் 10 கிலோ எடையை வைத்தால் அட்டையில் லேசான தடம் விழலாம், அவ்வளவுதான். அதே 10 கிலோவை, 1 சென்டிமீட்டர் நீளமும் 0.1 மில்லிமீட்டர் அகலமும் உள்ள வரப்பின்மேல் வையுங்கள். இப்போது பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு. சதுர சென்டிமீட்டருக்கு 1000 கிலோ என்ற கணக்கில் அழுத்தம் எகிறிவிடுகிறது. அட்டை என்பது மரக்கூழின் மெல்லிய நார்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் படுகை. இந்த அழுத்தத்தில் நார்கள் அறுந்து விலகுகின்றன.

இனிமேல்தான் சிக்கல். வண்ணத்துப்பூச்சியின் ஓரத்தை நூல் வைத்து அளந்தால் 30 சென்டிமீட்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சென்டிமீட்டருக்கு 10 கிலோ என்றால் மொத்தம் 300 கிலோ வேண்டும். அதற்கு எங்கே போவது? வீட்டில் வைத்து டை வெட்டும் கருவி இதற்கு ஒரு தந்திரம் செய்கிறது. கரும்புச்சாறு கடையில் இருப்பதைப்போல இதிலும் இரண்டு உருளைகள், சுற்றுவதற்கு ஒரு கைப்பிடி. டையையும் அட்டையையும் இரண்டு பிளாஸ்டிக் தட்டுகளுக்கு நடுவே வைத்து உள்ளே விடுவார்கள். ஒரு நேரத்தில் உருளைகளின் பிடியில் இருப்பது குறுகலான ஒரு பட்டை மட்டுமே. அந்தப் பட்டைக்குள் பூச்சியின் இறக்கை ஓரம் இரண்டு மூன்று இடங்களில்தான் சிக்கும். முழுப் பூச்சியையும் ஒரே அமுக்காக அமுக்க வேண்டியதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டே போகலாம். ஒரு சிறுவனின் கைப்பலமே போதும்.

சதுர வடிவ டை இருந்தால் இதை நன்றாக உணரலாம். சதுரத்தின் ஒரு பக்கம் உருளைக்கு இணையாக உள்ளே போனால், அந்தப் பக்கம் முழுவதும் ஒரே நேரத்தில் வெட்டுப்பட வேண்டும். கைப்பிடி ‘மாட்டேன்’ என்று அடம்பிடிக்கும். டையைச் சற்றுச் சாய்த்து வைத்துப் பாருங்கள், சுலபமாகச் சுற்றும்.

பிளாஸ்டிக் தட்டுக்கும் இதில் பங்கு உண்டு. வரப்பு அட்டையைத் தாண்டித் தட்டுக்குள்ளும் மயிரிழை அளவு இறங்கினால்தான் வெட்டு முழுமையாகும். அதனால்தான் பழைய தட்டுகள் முழுக்கக் கீறலாக இருக்கும். ஒரே பக்கம் வெட்டிக்கொண்டிருந்தால் தட்டு வளைந்துவிடும், அப்போது திருப்பிப் போட வேண்டும். தட்டுக்குப் பதிலாக எஃகை வைத்தால் வரப்பு மழுங்கிப்போகலாம். ரப்பர் விரிப்பை வைத்தால்? அட்டை அறுபடாமல் ரப்பரோடு சேர்ந்து அமிழும், புடைப்புச் சித்திரம் கிடைக்கும்! அதே டைதான், அதே உருளைதான். எனக்கு இதில் மிகவும் பிடித்த வித்தை இதுதான்.

இந்த மெல்லிய டைகளை உளியால் செதுக்குவதில்லை. எஃகுத் தகட்டின்மேல் ஒளிபட்டால் இறுகும் பூச்சைத் தடவுவார்கள். படத்தைப் படச்சுருளில் எடுத்து, அதன் வழியே புற ஊதா ஒளியைப் பாய்ச்சுவார்கள். ஒளி பட்ட கோடுகளில் பூச்சு இறுகி நிற்கும், மற்றதைக் கழுவிவிடலாம். பிறகு ஃபெரிக் குளோரைடு போன்ற ரசாயனக் கரைசலைப் பீய்ச்சினால், பூச்சு இல்லாத இடமெல்லாம் அரிக்கப்பட்டுக் கோடு மட்டும் மேடாக மிஞ்சும். கரைசல் கீழ்நோக்கி மட்டும் அரிப்பதில்லை, பக்கவாட்டிலும் கொஞ்சம் அரிக்கும். அதனால் மேட்டின் உச்சி தானாகவே குறுகிக்கொள்கிறது.

பெரிய தொழிற்கூடங்களில் வேறு வகை டை. ஒட்டுப்பலகையில் லேசரால் பிளவு வெட்டி, வளைத்த எஃகுப் பட்டைகளை அதில் செருகுவார்கள். பட்டைகளின் இருபுறமும் ரப்பர் ஒட்டியிருக்கும். வெட்டும்போது நசுங்கும் ரப்பர், வெட்டி முடித்ததும் எழும்பி அட்டையை வெளியே தள்ளிவிடும். சிவகாசியில் தினசரி காலண்டர் அட்டையைச் சாமி படத்தின் ஓரத்தை ஒட்டி வளைவு வளைவாக வெட்டுவது இப்படிப்பட்ட டையால்தான்.

பட்டை வைத்த டைக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. நியூயார்க்கில் காகிதப் பை செய்துவந்த ராபர்ட் கேர் என்பவருக்கு 1879இல் ஒரு நஷ்டம். விதைப் பைகள் அச்சாகிக்கொண்டிருந்தபோது, மடிப்புக்கோடு போட வேண்டிய உலோகப் பட்டை சற்று உயர்ந்துவிட்டது. அது மடிப்பதற்குப் பதிலாகப் பைகளை வெட்டித் தள்ளியது. கேர் வேறு கோணத்தில் யோசித்தார்: கூரான பட்டைகளை உயரமாகவும், மழுங்கிய பட்டைகளைச் சற்றுத் தாழ்வாகவும் ஒரே டையில் வைத்தால்? ஒரே அமுக்கில் வெட்டும் மடிப்பும் முடிந்துவிடும்! மடித்தால் பெட்டியாகும் அட்டைகள் மளமளவென்று வரத் தொடங்கின.

காலியான பற்பசைப் பெட்டியைப் பிரித்து விரித்தால் இரண்டு பட்டைகளின் தடமும் தெரியும். வெட்டு ஓரத்தை நகத்தால் தடவுங்கள். அங்கங்கே கடுகைவிடச் சின்னப் பிசிறு தட்டுப்படும். வெட்டும்போது பெட்டிகள் தாளிலிருந்து உதிர்ந்துவிடாமல் இருக்க, பட்டையில் வேண்டுமென்றே விட்ட இடைவெளியின் தடம் அது.

எழுத்துகளை வெட்டும்போது இன்னொரு வேடிக்கை. ‘அம்மா’ என்று வெட்டினால் ஒரே துண்டாக வராது. அ, ம, அதன் புள்ளி, அடுத்த ம, துணைக்கால் என்று ஐந்து துண்டு விழும். புள்ளியைத் தேடித் தரையில் தவழ வேண்டியதுதான். சரி, எழுத்தை அட்டையில் ஜன்னலாக வெட்டலாம் என்றால், ‘ம’வின் வயிற்றுக்குள் இருக்கும் அட்டை தீவுபோல் தனியாகக் கழன்றுவிடும். ‘ப’, ‘ட’ இரண்டும் சாது, தீவே கிடையாது. தீவு உள்ள எழுத்துகளுக்கு டை வரைகிறவர் அங்கங்கே மெல்லிய பாலம் போட்டுப் பிடித்துவைப்பார். உங்கள் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி, எங்கெங்கே பாலம் வேண்டும் என்று வரைந்து பாருங்கள். கண்ணன் என்று பெயருள்ளவர்கள் கொஞ்சம் பெரிய தாளாக எடுத்துக்கொள்வது நல்லது.