ஆறு சிலிண்டர், ஆறு எண்: இன்ஜினை இறக்கும் முன் எழுதி வாங்குங்கள்

“இன்ஜின் போயிருச்சு, இறக்கித்தான் ஆகணும்.” பழைய லாரியைப் பட்டறையில் விட்டவர் அடிக்கடி கேட்கும் சொல் இது. ஒற்றை வண்டியை வைத்துத் தானே ஓட்டிப் பிழைப்பவருக்கு அதற்குப் பொருள் பல மாதக் கடன். மெக்கானிக் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் புகையைப் பார்த்தும் சத்தத்தைக் கேட்டும் எந்த சிலிண்டரில், என்ன கோளாறு என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது. அதைச் சொல்வது கம்ப்ரஷன் டெஸ்ட். சில மணி நேரத்தில் முடிந்துவிடும் அந்தச் சோதனையைக் கேட்காமல் இன்ஜினை இறக்கச் சம்மதிக்காதீர்கள்.

எதை அளக்கிறோம்?

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. பிஸ்டன் மேலேறும்போது காற்றைச் சுமார் பதினாறில் ஒரு பங்காக நெருக்குகிறது. அந்த நெருக்கத்தில் பிறக்கும் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. ரிங், வால்வு, ஹெட் கேஸ்கெட் இவற்றில் ஏதேனும் ஒன்றின் வழியே காற்று கசிந்தால் சூடு போதாது. காலையில் வண்டி கிளம்ப மறுப்பதும், வெள்ளைப் புகை கக்குவதும், மேட்டில் இழுவை குறைவதும் அதனால் வரக்கூடியவை.

முறையான சோதனை

முதலில் டாப்பெட் இடைவெளி சரிபார்க்கப்பட வேண்டும். டாப்பெட் இறுகி வால்வு முழுதாக மூடாவிட்டால், நல்ல இன்ஜினும் கெட்டதுபோல் காட்டும். பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும். செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் எல்லா எண்களும் குறையும். இன்ஜினைச் சூடாக்கி நிறுத்தி, டீசலை அடைத்து, நாசில்கள் அனைத்தையும் கழற்ற வேண்டும். ஏர் ஃபில்டர் அடைப்பில்லாமல் இருக்க வேண்டும். பிறகு நாசில் துளையில் டீசலுக்கான கேஜைப் பொருத்தி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே அளவு நேரம் செல்ஃப் அடித்துப் பார்க்க வேண்டும். பெட்ரோல் வண்டிக்கான கேஜ் இந்த அழுத்தத்தைத் தாங்காது.

எண்கள் சொல்வது

நல்ல டீசல் இன்ஜின்கள் பெரும்பாலும் 350 முதல் 500 பி.எஸ்.ஐ. வரை காட்டும். உங்கள் இன்ஜினுக்கு உரிய அளவு அதன் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். அதைவிட முக்கியம், சிலிண்டர்களுக்கு இடையிலான வேறுபாடு. பொதுவாக அது 10 முதல் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

ஓர் எடுத்துக்காட்டு: 385, 390, 250, 255, 380, 388. மூன்றும் நான்கும் மட்டும் சேர்ந்து விழுந்திருக்கின்றன. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் இப்படி விழுந்தால் முதல் சந்தேகம் இடையிலுள்ள ஹெட் கேஸ்கெட் மீதுதான். ஹெட்டை மட்டும் கழற்றிப் பார்க்க வேண்டிய இடத்தில் முழு இன்ஜினையும் இறக்குவது வீண் செலவு. ஆறும் ஒன்றுபோலத் தாழ்ந்திருந்தால், பேட்டரியையும் ஏர் ஃபில்டரையும் மறுபடி பார்த்த பிறகே தேய்மானம் என்று முடிவு செய்யலாம்.

ஒரே சிலிண்டர் குறைந்தால், அதன் பிஸ்டனை மேல்முனையில் நிறுத்தி, வால்வுகள் மூடிய நிலையில் கம்ப்ரஸர் காற்றைச் செலுத்திக் கேளுங்கள். ஏர் ஃபில்டர் பக்கம் சீறினால் உள்வால்வு. சைலன்சரில் சீறினால் வெளிவால்வு. ஆயில் மூடி வழியே வந்தால் ரிங் அல்லது லைனர். ரேடியேட்டரில் குமிழ் எழுந்தால் கேஸ்கெட் அல்லது ஹெட் விரிசல்.

கவனம்

பெட்ரோல் இன்ஜினில் செய்வதுபோல டீசல் சிலிண்டருக்குள் ஆயில் ஊற்றிச் சோதிக்க வேண்டாம். உள்ளே இடம் மிகக் குறைவு. ஆயில் நெருங்காது என்பதால் கனெக்டிங் ராடு வளையலாம், ஆயில் பற்றவும் கூடும். நாசிலிலிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் ஊசி குத்தியதுபோல் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வண்டி நியூட்ரலில் இருக்கட்டும். சக்கரத்துக்குக் கட்டை போடுங்கள்.

சட்டம் தரும் காப்பு

வணிக நோக்கத்துக்கான பொருளும் சேவையும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வராது என்பது உண்மை. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே ஒரு பொருளை வாங்கிப் பயன்படுத்துவதை அந்தச் சட்டம் வணிக நோக்கமாகக் கொள்வதில்லை. தானே ஓட்டிப் பிழைப்பவர் புகாரில் இதைத் தெளிவாக எழுத வேண்டும். பில் தர மறுப்பதையும் அதே சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது.

வேலை சரியில்லையென்றால் முதலில் பட்டறைக்கு எழுத்தில் தெரிவியுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதிலும் தீராவிட்டால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் புகார் செய்யலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை.

அங்கே கேட்கப்படுவது சான்று. ஆகவே சோதனையின்போது பக்கத்தில் நில்லுங்கள். கேஜைப் படமெடுங்கள். ஆறு எண்களையும், தேதி, வண்டி எண், கிலோமீட்டர், செய்யப்போகும் வேலை, மதிப்பீட்டுத் தொகை ஆகியவற்றோடு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். வேலை முடிந்ததும் அதே சோதனையை மறுபடி செய்யச் சொல்லி, புதிய எண்களைப் பழையவற்றுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். நேர்மையான மெக்கானிக்குக்கும் அந்தத் தாளே காப்பு. வண்டி சரியானதா இல்லையா என்று நீங்களும் அவரும் வாதாட வேண்டியதில்லை. இரண்டு வரிசை எண்களையும் ஒப்பிட்டாலே தெரிந்துவிடும்.