எழுதிக் கொடுப்பதற்கு முன்னால்...

ஒரு திங்கட்கிழமை காலை. கோட்டாட்சியர் அலுவலகத்து வேப்ப மரத்தடியில்தான் அந்தப் பாட்டியைச் சந்தித்தேன். காவிரிக் கரையில் ஒரு சிறிய ஊர். ஊரின் பெயரும் பாட்டியின் பெயரும் வேண்டாமே! வயது எழுபத்தெட்டு. கையில் மஞ்சள் பை. பைக்குள் ஒரு பத்திர நகல். அதை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"தம்பி, கண்ணாடியை மறந்துட்டு வந்துட்டேன். இதிலே என்னைக் காப்பாத்தணும்னு எங்கேயாவது எழுதியிருக்கா, கொஞ்சம் பாருப்பா."

இரண்டு தடவை படித்தேன். வீட்டின் நான்கு எல்லைகளும் ஒழுங்காகக் குறிக்கப்பட்டிருந்தன. கிணறு இருந்தது. கொல்லையிலிருந்த இரண்டு தென்னை மரங்கள் இருந்தன. மின்சார இணைப்பு எண் கூட இருந்தது. 'அன்பின் மிகுதியால்' என்ற சொற்களும் இருந்தன. பாட்டியைத்தான் எங்கும் காணோம்.

2018-ல் இளைய மகன் பெயருக்குத் தான செட்டில்மெண்டாக வீட்டை எழுதிக் கொடுத்திருக்கிறார். "நான் போன பிறகு இவனுங்க கோர்ட்டு வாசல்ல நிக்கக் கூடாதேன்னு பார்த்தேன். இப்ப நான் வந்து நிக்கிறேன்" என்று சொல்லிச் சிரித்தார். இப்போது அவருக்கு இருப்பிடம் மாடியில் தட்டுமுட்டுச் சாமான்கள் போடும் அறை. முழங்கால் வலியோடு படியிறங்க முடிவதில்லை. மருந்துக்குக் காசு கேட்டால் பதில் வருவதில்லை. மகன் பக்கத்துக் கதையை நான் கேட்கவில்லை. அவருக்கும் கடனும் கஷ்டமும் இருக்கலாம். ஆனால் பத்திரத்தில் விட்டுப்போன ஒரு வரி யாருடைய கதையைக் கேட்டாலும் விட்டுப்போனதுதான்.

சொத்து விஷயமாக நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வியே இதுதான்: "உயிலும் செட்டில்மெண்டும் ஒன்றுதானே? எப்படியும் பிள்ளைக்குத்தானே போகப் போகிறது?"

ஒன்றல்ல, மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். உயில் என்பது எழுதியவர் காலமான பிறகே உயிர் பெறும் சாசனம். அதுவரை வீடு உங்களுடையது. விற்கலாம், அடமானம் வைக்கலாம், மனம் மாறினால் உயிலைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறொன்று எழுதலாம். பத்து உயில் எழுதினாலும் கடைசியாக முறைப்படி எழுதியதே செல்லும். செட்டில்மெண்ட் அப்படியல்ல. பத்திரம் பதிவாகி, பெற்றவர் ஏற்றுக்கொண்டதும் சொத்து கை மாறிவிடுகிறது. பிறகு, "தெரியாமல் கொடுத்துவிட்டேன், ரத்து செய்யுங்கள்" என்று நீங்கள் மட்டும் பதிவு அலுவலகத்துக்குப் போய்ப் பயனில்லை.

"அப்படியானால் எல்லோரும் ஏன் செட்டில்மெண்ட் எழுதச் சொல்கிறார்கள்?" என்று கேட்பீர்கள். உயில் என்றால் பின்னால் வழக்கு வரும் என்ற பயந்தான் காரணம். பயத்தில் நியாயமும் இருக்கிறது. உயிலை எழுதியவர் வந்து சாட்சி சொல்ல முடியாதல்லவா? ஆனால் பிள்ளைகளுக்கு வரப் போகும் வழக்கைத் தவிர்ப்பதற்காகத் தாயார் தம் தலைக்கு மேலுள்ள கூரையை முன்பணமாகக் கொடுப்பது எந்தக் கணக்கில் சேர்த்தி என்று எனக்கு விளங்கவில்லை.

செட்டில்மெண்ட்தான் என்று முடிவு செய்துவிட்டீர்களா? சரி. இரண்டு வாசகங்கள் இல்லாத பத்திரத்தில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். ஒன்று, உங்கள் ஆயுள் வரை அந்த வீட்டில் வசிக்கவும் வாடகையை அனுபவிக்கவும் உங்களுக்கே உரிமை என்பது. மற்றொன்று, சொத்தைப் பெறுகிறவர் உங்களுக்கு உணவும் மருந்தும் பராமரிப்பும் தர வேண்டும், அந்த நிபந்தனையின் பேரிலேயே சொத்து கொடுக்கப்படுகிறது என்பது. "பெற்ற மகனிடம் நிபந்தனையா? அவன் என்ன நினைப்பான்!" என்று கூச்சப்படுகிறவர்கள் உண்டு. கூச்சப்படாமல் பத்திரம் எழுதுகிறவரைச் சொல்லச் சொல்லுங்கள். அவருக்கு இது பழக்கம்.

உயில் எழுதுவது பலர் நினைப்பது போல் பெரிய காரியமே அல்ல. முத்திரைத்தாள் வேண்டாம். வெள்ளைத்தாளில் உங்களுக்குத் தெரிந்த தமிழில் எழுதலாம். பதினெட்டு வயது நிரம்பித் தெளிந்த புத்தியோடு இருக்க வேண்டும். அடியில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும். அதைக் குறைந்தது இரண்டு சாட்சிகள் பார்த்து, உங்கள் முன்னிலையில் அவர்களும் கையெழுத்திட வேண்டும். உள்ளே என்ன எழுதியிருக்கிறதென்று சாட்சிகளுக்குத் தெரிய வேண்டியதில்லை!

சாட்சிகளைத் தேர்ந்தெடுப்பதில்தான் நம்மவர்கள் கோட்டை விடுகிறார்கள். எழுபது வயதுக்காரர் தம் எழுபத்திரண்டு வயது நண்பரைச் சாட்சியாகப் போடுகிறார். நாளைக்கு உயில் நீதிமன்றத்துக்கு வந்தால் சாட்சிகளில் ஒருவராவது கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டால் கையெழுத்தை வேறு வழியில் நிரூபிக்கப் படாத பாடு பட வேண்டும். ஆகவே, வயதில் இளையவராக, ஊரில் தேடிக் கண்டுபிடிக்கக் கூடியவராகப் பாருங்கள். சொத்து பெறப் போகிறவரையே சாட்சியாகவும் போடாதீர்கள். சொத்து பெறுகிறவரே முன்னின்று எழுத வைத்த உயிலைச் சந்தேகக் கண்ணோடு பார்க்க வேண்டியிருக்கிறது என்பதை உச்ச நீதிமன்றம் 1958-லேயே சொல்லியாகிவிட்டது. முதுமையில் எழுதுவதானால் அன்றைய தேதியில் ஒரு டாக்டர் சான்றும் வாங்கிச் சேர்த்து வைப்பது நல்லது.

பதிவு கட்டாயமில்லை. செய்துவிட்டால் 'காணாமற் போய்விட்டது' என்ற பேச்சுக்கு இடமில்லை. யாருக்கும் தெரியக் கூடாதென்றால், முத்திரையிட்ட உறையில் போட்டு மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்து வைக்கவும் சட்டத்தில் வழி உண்டு. கூட்டுக் குடும்பங்களில் இருக்கிறவர்கள் இதைக் கவனிக்கலாம்!

எந்தச் சொத்தை உயிலில் எழுதலாம் என்பது அடுத்த சங்கடம். சுயார்ஜிதமானால் முழுவதையும் இஷ்டப்படி எழுதலாம். பிதிரார்ஜிதக் கூட்டுச் சொத்தானால் உங்கள் பங்கை மட்டுமே எழுத முடியும். அதில் பெண்ணுக்கும் பிள்ளைக்குச் சமமான பங்கு. தமிழ்நாட்டில் 1989-ல் அப்போது மணமாகாதிருந்த பெண்களுக்கு இந்த உரிமை வந்தது. 2005-ல் நாடு முழுவதும் மணமானவர்களுக்கும் வந்தது. 2005-ல் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொன்னது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறைப்படி பாகம் பிரித்து முடித்தவற்றை மட்டும் இது தொடாது. உயில் எழுதாமலே ஓர் இந்து ஆண் காலமானால், அவருடைய சொந்தச் சொத்து மனைவிக்கும் மக்களுக்கும் மட்டுமல்ல, தாயாருக்கும் ஒரு சம பங்காகப் போகிறது. மகனைப் பறிகொடுத்த எத்தனையோ தாய்மார்களுக்கு இது தெரியாது, தெரிந்தவர்களும் சொல்வதில்லை.

இதெல்லாம் இந்துக்களுக்கு. முஸ்லிம் அன்பர்கள், கடனும் இறுதிச் செலவும் போக மீதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாரிசுகளின் சம்மதமின்றி உயில் வழியாகக் கொடுப்பதற்கில்லை. கிறிஸ்தவர்களுக்கு, திருமணத்துக்கு முன் எழுதிய உயில் திருமணத்தோடு செல்லாமற் போகும்.

"பாங்கியில் நாமினியாக என் பெயர்தான் இருக்கிறது, பணம் எனக்குத்தானே?" இதுவும் அடிக்கடி கேட்கும் கேள்வி. பணத்தைப் பெற்றுக்கொள்ளத்தான் நாமினி. யாருக்குச் சேர வேண்டும் என்பதை உயிலும் வாரிசுச் சட்டமுமே சொல்லும்.

பாட்டியின் விஷயத்துக்கு வருகிறேன். பெற்றோரையும் அறுபது வயது நிரம்பியவர்களையும் காப்பதற்கென்று 2007-ல் ஒரு சட்டம் வந்தது. கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்தால், மாதம் 10,000 ரூபாய்க்கு மேற்படாமல் ஜீவனாம்சம் தரும்படி அவர் மக்களுக்கு உத்தரவிடலாம். வக்கீல் இல்லாமல் நீங்களே போகலாம். போக முடியாதவர்கள் 14567 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு யோசனை கேட்கலாம். அந்தச் சட்டத்தின் 23-வது பிரிவுதான் பாட்டியை வேப்ப மரத்தடிக்கு அழைத்து வந்தது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தைப் பெற்றவர் பராமரிக்காவிட்டால், அந்தப் பத்திரத்தைச் செல்லாதென்று அறிவிக்க இந்தப் பிரிவு இடம் தருகிறது.

பத்திரத்தில் நிபந்தனையே இல்லையென்றால்? அங்கேதான் சிக்கல். நிபந்தனை இருந்ததென்று காட்டியாக வேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், மத்தியப் பிரதேசத்துத் தாய் ஒருத்தியின் வழக்கில், முதியோரைக் காக்க வந்த சட்டத்தைத் தாராள மனத்தோடு படிக்க வேண்டும் என்று சொல்லி வீட்டைத் திருப்பிக் கொடுக்க வைத்தது. அதே ஆண்டு மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், நாகப்பட்டினத்து மூதாட்டி ஒருவர் வழக்கில், அன்பினால் கொடுத்தேன் என்று எழுதியிருப்பதிலேயே பராமரிப்பு என்ற நிபந்தனை அடங்கியிருக்கிறது என்று தீர்ப்பளித்தது. பாட்டியின் பத்திரத்திலிருந்த 'அன்பின் மிகுதியால்' என்ற அந்த இரண்டு சொற்களுக்கு அப்போதுதான் மதிப்பு வந்தது. ஆனாலும் அவற்றை நம்பி அலுவலகத்துக்கு எட்டு மாதம் நடக்க வேண்டியிருந்தது. ஒரு வரி எழுதியிருந்தால் இத்தனை நடை வேண்டியதில்லை.

உத்தரவு சாதகமாக வந்ததும் பாட்டியைப் பார்க்கப் போனேன். கீழ் அறைக்கு வந்துவிட்டார். கூடத்தில் பேரன் பாடம் படித்துக்கொண்டிருந்தான். காப்பி கொடுத்துவிட்டு, "தம்பி, உயில் எழுதணும்" என்றார்.

"யாருக்குப் பாட்டி?"

"இதென்ன கேள்வி? இளையவனுக்குத்தான். மூத்தவனுக்கு வருமானம் இருக்கு. இவனுக்கு என்ன இருக்கு? ஆனா நான் கண்ணை மூடின பிறகுதான்."

மூக்குக் கண்ணாடியை ஞாபகமாக எடுத்து மாட்டிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ரெண்டு சாட்சி வேணும்னு சொன்னியே. உனக்கு என்ன வயசாச்சு?"

"முப்பத்து நாலு, பாட்டி."

"போதும். வெள்ளிக்கிழமை வந்துடு."